பரம்பரையாக வந்த பழைய பவுண் மணிக்கூடு: இனம் காண்பது எப்படி, திருத்துவதா விடுவதா?

அம்மம்மாவின் அந்தியேட்டி முடிந்த மறுநாள் அலுமாரியை ஒதுக்கினோம். கூறைச் சேலைக்கு அடியில் ஒரு பழைய பால்மா ரின், அதற்குள் வெள்ளைத் துணியில் சுற்றிய இரண்டு கைமணிக்கூடுகள். ஒன்று அம்மப்பாவுடையது; மட்டக்களப்புக் கச்சேரியில் வேலை பார்த்த காலத்தில் வாங்கியது. மற்றது மாமா 1980களின் தொடக்கத்தில் குவைத்திலிருந்து கொண்டுவந்தது. இரண்டும் பவுண் நிறம். இரண்டும் ஓடவில்லை.

அன்று பின்னேரமே வீட்டில் மூன்று கருத்து எழுந்துவிட்டது. "உருக்கக் குடுத்தா ஒரு பவுணாவது தேறும்" என்றார் பெரியப்பா. "திருத்திப் புதுசாக்கி, மூத்தவனுக்குக் கலியாணத்துக்குக் கட்டக் குடுப்பம்" என்றார் அம்மா. "முகத்தை மட்டும் புதுசா எழுதிப் போடுங்க" என்றார் சின்ன மாமி. நாங்கள் ஒன்றும் தெரியாமல் முதலில் செய்தது, மாமாவின் மணிக்கூட்டை நகரத்தில் ஒரு கடையில் பொலிஷ் போடக் கொடுத்தது. அரை மணித்தியாலத்தில் பளபளவென்று வந்தது. இரண்டு கிழமையில், வார் பொருந்தும் காதுகளின் ஓரம் பித்தளை நிறமாகத் தெரிந்தது. மேலே இருந்தது முலாம். பொலிஷ் சில்லு அதை வழித்து எடுத்துவிட்டது. கொடுத்தவர்கள் நாங்கள்தான் என்றாலும், எடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் என்ற ஆற்றாமை இன்னும் இருக்கிறது.

அந்த நட்டத்தால்தான் அம்மப்பாவின் மணிக்கூட்டை நான் ஒவ்வொரு படியாகப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். நம் பக்கத்தில் எத்தனையோ வீடுகளில் இப்படி ஒன்று கிடக்கும். அதைக் கையில் எடுத்திருப்பவர்களுக்காக, நான் போன வழியை அதே ஒழுங்கில் எழுதுகிறேன். ஒழுங்கு முக்கியம். தீர்மானம் கடைசிப் படி. பெரும்பாலான வீடுகளில் அதைத்தான் முதலில் எடுத்துவிடுகிறோம்.

முதலில், கை வைக்காமல் இருங்கள்

சாவி கொடுத்துப் பார்க்கத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். வேண்டாம். வருடக்கணக்காகக் கிடந்த மணிக்கூட்டுக்குள் எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். சாவியின், அதாவது பக்கத்தில் உள்ள திருகுக் குமிழின், தண்டு துருவோடு ஒட்டியிருந்தால், நீங்கள் திருகும் திருகில் அது முறியும். ஓடத் தொடங்கினாலும் நல்லதல்ல. எண்ணெய் இல்லாமல் உலோகத்தோடு உலோகம் உரசி, நல்லாயிருந்த அச்சு முனைகளும் தேயும்.

நகை கழுவுவதுபோலப் பூவந்திக்கொட்டைத் தண்ணீரிலோ சவர்க்காரத்திலோ முக்காதீர்கள். வெயிலில் காய வைக்காதீர்கள். காந்தம் வைத்துப் பார்க்கச் சிலர் சொல்வார்கள்: பவுணும் காந்தத்தில் ஒட்டாது, பித்தளையும் ஒட்டாது. ஆகவே அந்தச் சோதனை எதையும் சொல்லாது. உள்ளே நேரத்தை ஒழுங்காக்கும் மெல்லிய சுருளான ஹெயார் ஸ்பிரிங் மட்டும் காந்தம் ஏறி, பிறகு மணிக்கூடு தாறுமாறாக விரைந்து ஓடும்.

செய்ய வேண்டியது படம் எடுப்பது. பகல் வெளிச்சத்தில், யன்னலோரம், முன்பக்கம், பின்பக்கம், நான்கு காதுகள், சாவி, வார் பூட்டு எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிறகு யாராவது எதையாவது மாற்றினால் உங்களிடம் சாட்சி இருக்கும்.

வெளிப்பக்கம் சொல்வது

நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ் ஒன்று வாங்குங்கள், பெரிய செலவில்லை. அது இல்லாவிட்டால் கைபேசிக் கமராவைப் பெரிதாக்கியும் பார்க்கலாம்.

வார் பொருந்தும் நான்கு காதுகளின் ஓரங்களையும் முதலில் பாருங்கள். சட்டைக்கையில் உரசி உரசி முதலில் தேயும் இடம் அதுதான். பவுண் நிறத்துக்குக் கீழே வெள்ளையோ செம்மஞ்சளோ தெரிந்தால் அது முலாம். எல்லா இடமும் ஒரே நிறத்தில், ஓரம் மட்டும் மொழுக்கென்று தேய்ந்திருந்தால் உள்ளும் பவுணாக இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது பின்மூடி. "துருப்பிடிக்காத உருக்குப் பின்மூடி" என்ற பொருளில் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ பொறித்திருந்தால், மேற்பகுதி அநேகமாக முலாம்தான். காதின் அடியில் "20 மைக்ரோன்", "10 மைக்ரோன்" என்றிருந்தால் அது முலாமின் தடிப்பு. 20 மைக்ரோன் என்பது 0.02 மில்லிமீற்றர். "10 வருட உத்தரவாதம்", "20 வருட உத்தரவாதம்" என்று மூடிக்குள் எழுதியிருப்பதைப் பார்த்து மெஷினுக்கு உத்தரவாதம் என்று நினைக்கிறார்கள். அது, மேலே போர்த்திய பவுண் தகடு அத்தனை வருடம் தேயாது என்ற வாக்கு. அதாவது உள்ளே வேறு உலோகம்.

மாமாவின் சீக்கோவில் பின்மூடியே எல்லாவற்றையும் சொல்லியிருந்தது, நாங்கள்தான் வாசிக்கவில்லை. எஸ்.ஜி.பி. என்ற மூன்று எழுத்து: சீக்கோ பவுண் முலாம் என்று பொருள். அதன் தொடர் எண் 13 என்று தொடங்கியது. பழைய சீக்கோக்களில் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். ஒக்டோபர், நவம்பர், டிசம்பருக்கு மட்டும் இலக்கத்துக்குப் பதில் எழுத்து அல்லது பூச்சியம் வரும். ஆகவே 1 என்றால் 1971ஆக இருக்கலாம், 1981ஆகவும் இருக்கலாம். மூடியில் இருந்த மெஷின் எண் 7009. அந்த வகை 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான் வந்தது. எனவே 1981 மார்ச். மாமா முதல்முறை ஊர் திரும்பிய வருடத்தோடு அது பொருந்திப்போனபோது அம்மா சிறிது நேரம் பேசவில்லை.

மூடியைத் திறப்பது

இதை வீட்டில் செய்யாதீர்கள். சில மூடிகள் கத்தி முனையால் நெம்பித் திறப்பவை, சில திருகித் திறப்பவை. மாறிச் செய்தால் பவுண் விளிம்பில் அழியாத கீறல் விழும். மணிக்கூடு திருத்துபவரிடம் கொண்டுபோய், அவர் திறக்கும்போது பக்கத்தில் இருங்கள். "விட்டுட்டுப் போங்க, நாளைக்கு வாங்க" என்று சொல்பவரிடம் முதல் நாளே ஒப்படைக்காதீர்கள்.

நான் போனது கல்முனையில் ஒரு நானாவிடம். தகப்பனிடம் தொழில் பழகியவர். ஒரு சின்ன மேசை, ஒரு மேசை விளக்கு, கண்ணாடி மூடிக்குள் கழற்றிய பாகங்கள். "உள்ள என்ன இருக்கெண்டு பாக்க மட்டும்தான் வந்தன், நானா" என்றேன். "அப்ப கதிரையை இழுத்துப் போடுங்க மகள், பாப்பம்" என்றார்.

மூடியின் உட்புறத்தில் பார்க்க வேண்டியவை இவை. சுவிற்சர்லாந்தில் செய்த 18 கரட் பெட்டி, அதாவது மெஷினை மூடும் வெளிக்கூடு, என்றால் "18கே" அல்லது "0.750" என்ற பொறிப்போடு ஒரு பெண்ணின் தலை சின்னதாக அடிக்கப்பட்டிருக்கும், அது ஹெல்வீசியா, அந்த நாட்டின் உருவகம். 14 கரட்டுக்கு "0.585" என்பதும் அணில் உருவமும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து 1995 வரை இந்த முத்திரைகள்தான். அதன்பிறகு நாய்த்தலை. பிரித்தானியப் பெட்டி என்றால் பெரும்பாலும் 9 கரட். "375" என்ற எண் இருக்கும், கூடவே நங்கூரம் இருந்தால் பர்மிங்காமில் முத்திரையிட்டது, சிறுத்தைத் தலை இருந்தால் லண்டனில். பக்கத்தில் உள்ள ஒற்றை எழுத்து வருடத்தைக் குறிக்கும். 1948 வரை நாம் பிரித்தானியரின் கீழ் இருந்தவர்கள் ஆகையால் இப்படிப்பட்ட 9 கரட் மணிக்கூடுகள் நம் வீடுகளிலும் கிடக்க வாய்ப்பு உண்டு. நகைக்கடையில் 9 கரட் என்றால் முகம் சுளிப்பார்கள். மணிக்கூட்டு உலகில் அது குறைவான விடயமல்ல, அந்த நாட்டு வழக்கம். எந்த உருவமும் இல்லாமல் "18கே" என்று மட்டும் கரடுமுரடாக அடித்திருந்தால் அதை நம்பாமல் அடுத்த சோதனைகளுக்குப் போங்கள்.

அம்மப்பாவின் மூடியை நானா விளக்குக்குக் கீழே சரித்துப் பிடித்தார். ஹெல்வீசியாவின் தலை, 0.750, ஒமேகா நிறுவனத்தின் பெயர், பெட்டி எண். எல்லாம் இருந்தது. பிறகு மூடியை இன்னும் கொஞ்சம் சரித்து, "இதைப் பாருங்க மகள்" என்றார். உலோகத்தில் ஊசி முனையால் கீறிய நுண்ணிய எழுத்துகள், நான்கு இடத்தில், நான்கு கையெழுத்து. மணிக்கூட்டைக் கழற்றிப் பூட்டும் ஒவ்வொரு தொழிலாளியும் தன் அடையாளத்தையும் திகதியையும் அப்படிக் கீறிவிடுவது வழக்கம். கடைசிக் கீறல் 12/78.

அந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. 1978 நவம்பர் 23இல் மட்டக்களப்பைச் சூறாவளி அடித்தது. எங்கள் வீட்டுக் கூரை போய், ரங்குப்பெட்டிக்குள் தண்ணீர் ஏறியது. அந்த இரவோடு மணிக்கூடு செத்துவிட்டது என்றுதான் நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்தோம். ஆனால் அடுத்த மாதமே அம்மப்பா அதை யாரிடமோ கொண்டுபோய்த் திறந்து, காய வைத்து, எண்ணெய் போட்டிருக்கிறார். கூரைக்குத் தகடு தேடி ஊரே அலைந்த நாட்களில். கீறல்களையும் படம் எடுத்து வையுங்கள். உள்மூடியை மினுக்கிவிட்டால் அவை போய்விடும்.

மெஷினை வாசிப்பது

மணிக்கூட்டுக்கு மூன்று பகுதி: பெட்டி, டயல், மெஷின். மூன்றிலும் ஒரே பெயர் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. டயலில் ஒரு பெயர், மெஷினில் வேறு பெயர் என்றால் இரண்டு சாத்தியம். சுவிற்சர்லாந்தில் பல நிறுவனங்கள் மெஷினை ஈ.டி.ஏ., ஏ.எஸ். போன்ற தயாரிப்பாளர்களிடம் வாங்கிப் பொருத்தின. அவற்றின் சின்னம், முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சில்லுக்கு அடியில் சின்னதாக இருக்கும், அது குறையல்ல. ஆனால் தன் மெஷினைத் தானே செய்த நிறுவனத்தின் பெயர் டயலில் இருந்து, உள்ளே வேறு ஆள் இருந்தால், யாரோ எப்போதோ மாற்றியிருக்கிறார்கள்.

ஒமேகாவில் மெஷின் வகை எண்ணும் தொடர் எண்ணும் மெஷினிலேயே பொறித்திருக்கும். செம்பு நிறமாக மின்னும். அதைப் பார்த்துத் துரு என்று பயப்பட வேண்டாம், அவர்கள் பூசும் முலாமே அந்த நிறம். எங்களுடையது 266: கையால் சாவி கொடுப்பது, 17 கல், செக்கன் முள் ஆறு மணிக்கு மேலே தனி வட்டத்தில். 1939இல் தொடங்கிய 30 மில்லிமீற்றர் மெஷின் குடும்பத்தைச் சேர்ந்தது, உறுதிக்குப் பெயர் போனது. தொடர் எண் 13 மில்லியனில் தொடங்கியது, அதாவது 1950களின் முற்பகுதி. லோன்ஜின்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் வசதி: தொடர் எண்ணை அனுப்பினால் நிறுவனம் தன் பழைய பதிவேடுகளில் தேடிச் சொல்லும்.

"17 கல்" என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. நம் நாட்டில் கல் என்றால் இரத்தினம் என்று மனம் ஓடும். அவை மாணிக்கம்தான், ஆனால் செயற்கையாக வளர்த்தவை. 1902இல் வெர்னோய் என்ற பிரெஞ்சுக்காரர் வெளியிட்ட முறைக்குப் பிறகு மலிவாகிவிட்டன. அச்சுகள் தேயாமல் சுழல்வதற்காக வைத்தது. பிய்த்து விற்க ஒன்றுமில்லை.

டயலில் அவசரப்படாதீர்கள்

எங்கள் டயலில் நாலுக்கும் ஐந்துக்கும் இடையில் தேயிலைச் சாயம் ஊறியதுபோல ஓர் அரைவட்டம் இருக்கிறது. சூறாவளித் தண்ணீர் நின்ற இடம். அதற்கு மேலே எழுத்துகள் கூர்மையாக, தலைமயிர் தடிப்பில், அப்படியே இருக்கின்றன. ஐந்தாம் இலக்கத்தின் பவுண் குச்சி மட்டும் கொஞ்சம் கறுத்திருக்கிறது.

இதைத் துடைத்துப் புதிதாக எழுதித் தர ஆட்கள் உண்டு. எழுதிய டயலை லென்ஸில் பார்த்தால் உடனே தெரியும்: எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகள் சமமாக இராது, ஆறு மணிக்குக் கீழே வர வேண்டிய "சுவிஸ் மேட்" விடுபட்டிருக்கும் அல்லது கோணலாக இருக்கும். பழைய மணிக்கூடு சேர்ப்பவர்கள் முதலில் பார்ப்பது டயலைத்தான். கறை படிந்த அசல் டயலுக்குக் கொடுக்கும் விலையைப் பளபளப்பான மறுஎழுத்துக்குக் கொடுக்கமாட்டார்கள். விற்கும் எண்ணம் இல்லாதவர்களுக்கும் நான் இதையே சொல்வேன். அம்மப்பா பார்த்த முகம் அது. மேலே வேறொருவர் எழுதினால் அது அவர் பார்த்த முகமல்ல.

இன்னொன்று, இது உடம்புக்கான எச்சரிக்கை. 1960களுக்கு முந்திய மணிக்கூடுகளில் இலக்கங்களிலும் முட்களிலும் இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய பூச்சு பெரும்பாலும் ரேடியம். இன்று அது ஒளிராமல் பழுப்பாகிக் கிடக்கும். ஒளி போனாலும் கதிர்வீச்சு போகவில்லை. ரேடியத்தின் வீரியம் பாதியாகவே 1,600 வருடம் வேண்டும். மூடிய கண்ணாடிக்குள் இருக்கும்வரை பெரிய பயமில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சுரண்டுவது, தூளை ஊதுவது, பிள்ளைகளை விளையாட விடுவது கூடாது. திறப்பவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். ஆறு மணிக்குக் கீழே "சுவிஸ்" என்பதற்கு இரு பக்கமும் ஆங்கில "டி" எழுத்து இருந்தால் அது டிரிட்டியம்; 12 வருடத்துக்கு ஒருமுறை பாதியாகும் பொருள், இன்று பெரும்பகுதி தீர்ந்திருக்கும்.

பவுண் எவ்வளவு என்ற கேள்வி

பெரியப்பாவின் கேள்வி நியாயமானது, அதற்குக் கணக்கோடு பதில் வேண்டும்.

முத்திரை சந்தேகமாக இருந்தால் தட்டாரிடம் உரைகல்லில் உரைத்துப் பார்க்கலாம். ஆனால் மெஷினையும் டயலையும் வெளியே எடுத்த பிறகுதான்; உரைத்த கோட்டில் விடும் அமிலத்தின் ஆவி பட்டாலே உருக்குப் பாகங்கள் கறுக்கும், டயல் கெடும். வெளியே தெரியாத இடத்தில், காதின் உட்பக்கத்தில், உரைக்கச் சொல்லுங்கள். நகைக்கடைகளில் உள்ள கதிர் இயந்திரம் கீறல் இல்லாமல் சொல்லும். ஆனால் அது மேற்பரப்பை மட்டுமே படிக்கும், தடித்த முலாமைப் பவுண் என்று சொல்லிவிடக் கூடும். தேய்ந்த ஓரத்திலும் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நிறுப்பதும் வெறும் பெட்டியாகத்தான். 18 கரட் பெட்டி 10 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுத்தப் பவுண் 7.5 கிராம். 22 கரட் நகை ஒரு பவுணில், அதாவது 8 கிராமில், 7.3 கிராம் சொச்சம். ஆகவே பெரியப்பா சொன்ன "ஒரு பவுண்" சரிதான். அதே நிறை 9 கரட் என்றால் 3.75 கிராம், அரைப் பவுண். 10 மைக்ரோன் முலாம் என்றால் அரைக் கிராமும் தேறாது.

இது கீழ்மட்ட விலை. அடகு வைத்தாலும் உருக்கக் கொடுத்தாலும் கிடைப்பது இதுதான், அதுவும் சேதாரம் கழித்து. மெஷினுக்கும் டயலுக்கும் அங்கே விலை பூச்சியம். நானாவின் மேசை இழுப்பறையில் ஒரு பிஸ்கட் ரின் நிறையப் பழைய சுவிஸ் மெஷின்கள், பெட்டி இல்லாமல், முட்கள்கூட மாட்டியபடி. "எல்லாம் பவுணுக்கு உருக்கினது மகள். பிரச்சினைக் காலத்துல சனம் என்ன செய்யும்?" என்றார். கஷ்டத்தில் உருக்கியவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கஷ்டமில்லாத நேரத்தில் அவசரப்பட்டு உருக்குவதைத்தான் தடுக்கப் பார்க்கிறேன். நல்ல நிறுவனத்தின் அசல் மணிக்கூடு முழுதாக இருந்தால் பவுண் விலைக்கு மேலே போகும். பெயர் தெரியாத நிறுவனம், செத்த மெஷின், மாற்றி எழுதிய டயல் என்றால் பவுண் விலையே அதன் விலை. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

துரு

ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. நம் காற்றில் உப்பும் ஈரமும் எப்போதும் இருக்கும். ஆகவே இங்கே திருத்தலாமா என்ற கேள்விக்குப் பாதிப் பதில் துரு எங்கே பிடித்திருக்கிறது என்பதில் இருக்கிறது.

சாவித்தண்டிலும் திருகாணிகளிலும் துரு என்றால் கவலை வேண்டாம், தண்டு மாற்றலாம், வழக்கமாக முதலில் துருப்பிடிப்பது அதுதான். சாவி கொடுக்கும்போது முறுக்கேறும் மெயின் ஸ்பிரிங் உடைந்திருந்தாலும் பரவாயில்லை, புதிது போடலாம். ஹெயார் ஸ்பிரிங்கில் ஒரு கரும்புள்ளி இருந்தால்தான் சங்கடம். தலைமயிரைவிட மெல்லிய சுருள் அது, துருப்பிடித்த இடத்தில் பலம் மாறும், நேரம் நிற்காது. பல்லுச் சில்லுகளின் உருக்கு அச்சுகளில் துரு ஏறியிருந்தால் செலவு ஏறிக்கொண்டே போகும். பித்தளைத் தட்டில் கறை மட்டும் என்றால் அது அழகுக் குறைதான்.

எங்களுடையதில் தண்டு போயிருந்தது, இரண்டு திருகாணி பழுப்பு, ஹெயார் ஸ்பிரிங் சுத்தம். 1978 டிசம்பரில் யாரோ கவனமாகக் காய வைத்ததன் பலன்.

இப்போதுதான் தீர்மானம்

பெட்டி பவுணா, மூன்று பகுதியும் ஒன்றுக்கொன்று சேர்ந்தவையா, டயல் அசலா, துரு எங்கே, உதிரிப்பாகம் கிடைக்குமா. இந்த ஐந்துக்கும் பதில் கையில் வந்த பிறகு தெரிவு தானாகவே குறையும்.

மெஷின் நல்ல நிலை, டயல் அசல் என்றால் சேர்விஸ் மட்டும் செய்யுங்கள்: முழுதாகக் கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டு, தேய்ந்த பாகம் மட்டும் மாற்றி. பெட்டிக்குப் பொலிஷ் வேண்டாம், டயலைத் தொட வேண்டாம். பவுண் பெட்டி, நல்ல பெயர், ஆனால் மெஷினில் பெரிய சேதம் என்றால் அவசரப்படாமல் வையுங்கள். அதே வகை மெஷின் ஒன்று உதிரிக்குக் கிடைக்கும்வரை காத்திருக்கலாம். ஓடாத மணிக்கூடு வீட்டில் இருப்பதால் ஒரு நட்டமும் இல்லை. முலாம் பெட்டியில் துருவேறிய சாதாரண மெஷின் என்றால் காசு செலவழிப்பது அன்புக்காக மட்டும் என்று தெரிந்துகொண்டு செலவழியுங்கள், அதில் பிழையில்லை.

மறுமுலாம் பற்றி: அசல் முலாம் ஓரளவு நிற்கிறதென்றால் நான் செய்யமாட்டேன். மாமாவின் சீக்கோவில் முலாம் ஏற்கெனவே போய்விட்டது, வெறும் பித்தளை வியர்வையில் பச்சையாகும். இழக்க ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில் மறுமுலாம் நியாயம். 7009க்கு உதிரிப்பாகம் தாராளமாகக் கிடைக்கும், அதையும் ஓட வைத்தோம். மாமாவின் மகன்தான் கட்டுகிறான்.

விற்பதென்றால் ஒரு விடயம். நம் பக்கம் வீடும் நகையும் தாய்வழியில் இறங்கும், ஆனால் மணிக்கூடு யாருக்கு என்று எங்கும் எழுதி வைப்பதில்லை. எல்லாப் பிள்ளைகளும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்கும்வரை விற்காதீர்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்குப் படம் அனுப்புங்கள். எங்கள் கனடா சித்தி பின்மூடியின் படத்தைப் பார்த்துவிட்டுத்தான், சின்ன வயதில் அதன் டிக் சத்தத்தைக் காதில் வைத்துத் தூங்கிய கதையைச் சொன்னார்.

திருத்தக் கொடுக்கும்போது

செலவை முதலில் கேளுங்கள், பாகத்துக்கு எவ்வளவு, கூலி எவ்வளவு என்று பிரித்து, துண்டில் எழுதி வாங்குங்கள். மெஷின் எண், தொடர் எண், பெட்டி எண் மூன்றையும் அதே துண்டில் எழுதச் சொல்லுங்கள். இதைக் கேட்பது அவமரியாதையல்ல. நல்ல தொழிலாளிக்கு அது சந்தோஷம்தான். பிறகு நான்கு விடயத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள்: பொலிஷ் வேண்டாம், டயல் எழுத வேண்டாம், என்னைக் கேட்காமல் பாகம் மாற்ற வேண்டாம், மாற்றிய பழைய பாகம் எல்லாம் எனக்கு வேண்டும்.

கண்ணாடி அக்காலத்தில் பெரும்பாலும் பிளாஸ்ரிக். கீறல் என்றால் மெதுவாகத் தேய்த்து எடுக்கலாம். ஒமேகாவின் அசல் கண்ணாடியில் நடுவில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னதாக நிறுவனக் குறி இருக்கும். லென்ஸில் பார்த்துவிட்டுத்தான் மாற்றலாமா என்று யோசியுங்கள். வெடித்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், ஈரம் அதன் வழியாகத்தான் இறங்கும்.

காலமும் பார்க்கலாம். நான் கொடுத்தது கச்சான் காற்று வீசும் மாதத்தில். வாடை தொடங்கி மழை பிடித்தால் காற்றில் ஈரம் ஏறும். திறந்த மெஷின் மேசையில் கிடக்க அது நல்ல நேரமல்ல.

வாங்கும்போது 24 மணித்தியாலம் ஓடவிட்டு வாங்குங்கள். முழுச் சாவிக்குக் கையால் முறுக்கும் மணிக்கூடு 36 மணித்தியாலத்துக்கு மேல் ஓட வேண்டும். ஒரு நாளைக்கு அரை நிமிடம், ஒரு நிமிடம் முன்பின் போவது எழுபது வயது மெஷினுக்குக் குறையல்ல. டயல் மேல், டயல் கீழ், சாவி கீழ் என்று வைத்துப் பார்த்து, பெரிய வித்தியாசம் இருந்தால் மட்டும் திரும்பக் கொடுங்கள்.

வீட்டில் வைத்திருப்பது

தினமும் ஒரே நேரத்தில், கழற்றி வைத்துக்கொண்டு, தடை தெரியும்வரை சாவி கொடுங்கள். கையில் கட்டியபடி முறுக்கினால் தண்டு ஒரு பக்கம் சரிந்து தேயும். பின்மூடியில் நீர்புகாது என்று எழுதியிருந்தாலும் தண்ணீரில் விடாதீர்கள். அந்தக் காலத்து இறப்பர் வளையம் எப்போதோ இறுகிப் போயிருக்கும். தோல் வார் நம் வியர்வையில் சீக்கிரம் ஊறி நாறும். பின்னேரங்களில், ஒரு விசேடத்துக்குக் கட்டுங்கள், கழற்றியதும் துடைத்துக் காற்றில் விடுங்கள்.

வைக்கும் இடம் அலுமாரியின் சேலைத் தட்டல்ல. பூச்சி உருண்டையின் ஆவி பிளாஸ்ரிக் கண்ணாடிக்கும் டயல் வார்னிஷுக்கும் ஆகாது. இறுக்கமாக மூடும் ஒரு சாப்பாட்டுப் பெட்டி போதும். அதற்குள் மருந்துப் போத்தல்களில் வரும் சிலிக்கா பொட்டலம் இரண்டு, மாரிகாலத்தில் மாதம் ஒருமுறை புதிதாக மாற்றி.

அதே பெட்டிக்குள் ஒரு தாளும் வைத்திருக்கிறேன். யார் வாங்கியது, எந்த வேலையில் இருந்தார், எந்த எண்கள், என்ன பாகம் மாற்றினோம், டயலின் கறை எந்த இரவில் வந்தது. பழைய தண்டு ஒரு சிறு பொலித்தீன் பைக்குள் அந்தத் தாளோடு தைத்திருக்கிறது. உள்மூடியில் 12/78க்குக் கீழே நானா தன் கீறலையும் திகதியையும் போட்டிருக்கிறார். ஐந்து வருடம் கழித்து, வாடை தொடங்கும் முன், திரும்பக் கொண்டுவரச் சொன்னார்.